சம்பளம் இல்லாத நாற்காலிகள்

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதம் டப்ளின் நகரில் உலக றக்பி அமைப்பின் தலைவர் பதவிக்கு மூவர் போட்டியிட்டார்கள். ஒருவர் அவுஸ்திரேலியாவின் பிரெட் ரொபின்சன்: மருத்துவர், ஒக்ஸ்பேர்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், தம் நாட்டுக்காக டெஸ்ட் எனப்படும் 16 சர்வதேசப் போட்டிகளில் ஆடியவர். இன்னொருவர் அப்தெலாத்திஃப் பெனாசி: மொரோக்கோவின் ஊஜ்தா நகரில் பிறந்து, முதலில் அந்த நாட்டுக்கும் பின்னர் பிரான்சுக்கும் விளையாடி, பிரெஞ்சு அணியின் தலைவராகவும் உயர்ந்தவர். மூன்றாமவரான இத்தாலியின் அந்திரேயா ரினால்டோவைப் பற்றி வாசித்தபோதுதான் எனக்கு உண்மையான வியப்பு ஏற்பட்டது. இளமையில் தேசிய அணிக்கு ஆடிய அவர், பிற்காலத்தில் ஆறுகளின் வலையமைப்பை ஆராயும் நீரியல் விஞ்ஞானியாகி, 2023இல் ஸ்டொக்ஹோம் நீர் விருதைப் பெற்றவர். இரண்டாம் சுற்றில் 27க்கு 25 என்ற வாக்குகளில் ரொபின்சன் வென்றார். தென் அரைக்கோளத்திலிருந்து அந்தப் பதவிக்குத் தெரிவான முதல் மனிதர் அவரே.

திருகோணமலையில் இருந்துகொண்டு இதையெல்லாம் ஒருவன் ஏன் தேடிப் படிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். எங்கள் ஊர் உதைபந்தாட்ட ஊர். றக்பி இங்கே கடற்படையினருக்கு உரியதாகவும், தொலைக்காட்சியில் கொழும்பு, கண்டிப் பாடசாலைகள் மோதும்போது பார்ப்பதாகவும் இருக்கிறதே தவிர, தமிழ்ப் பாடசாலை மைதானங்களில் அந்த முட்டை வடிவப் பந்தைக் காண்பது அரிது. ஆனால் சிறிய உதைபந்தாட்டக் கழகமொன்றில் சில காலம் செயலாளராக இருந்தவன் என்ற முறையில், விளையாட்டை நடத்துபவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்ற கேள்வி என்னை எப்போதும் உறுத்தியிருக்கிறது. எங்கள் பக்கத்துக் கழகங்களின் சிறந்த ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் மீனவக் குடும்பங்களின் பிள்ளைகள். செயலாளர்களும் பொருளாளர்களுமோ ஆசிரியர்கள் அல்லது கச்சேரி எழுதுவினைஞர்கள். இதற்குச் சாதியோ சதியோ காரணம் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. கூட்டம் மாலை நான்கரை மணிக்கு நடக்கும். அந்த நேரத்தில் மீனவர் வலையை ஏற்றிக்கொண்டு படகுக்குப் போய்விடுவார். சம்பளம் இல்லாத பதவிக்கு, வேறிடத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு மாலையில் ஓய்வாக இருப்பவர்தான் வர முடியும். சர்வதேச றக்பியின் வரலாறு முழுவதிலும் இதே வடிகட்டி வேலை செய்திருக்கிறது என்பதே என் கருத்து.

இந்த வடிகட்டி தானாக அமைந்ததன்று. அதை ஒரு வாக்கெடுப்பின் மூலம் நிலைநிறுத்தினார்கள். 1893இல் இங்கிலாந்தின் வடபகுதிக் கழகங்கள், சுரங்கங்களிலும் ஆலைகளிலும் வேலை செய்யும் ஆட்டக்காரர்கள் போட்டிக்காக வேலையை விட்டு வரும்போது இழக்கும் கூலியை ஈடுசெய்ய அனுமதிக்க வேண்டும் என்று இங்கிலாந்து றக்பி ஒன்றியத்தின் பொதுக்கூட்டத்தில் கோரின. அந்தப் பிரேரணை 282க்கு 136 என்ற வாக்குகளில் தோற்கடிக்கப்பட்டது. எதிர்த்து நின்றவர்களில் முதன்மையானவர் ஒன்றியத்தின் செயலாளர் ஜோர்ஜ் ரோலண்ட் ஹில். அவர் பிரபுவும் அல்லர், ஆலை முதலாளியும் அல்லர். லண்டனில் வேலை பார்த்த அரசாங்க உத்தியோகத்தர். 1881 முதல் 1904 வரை செயலாளராக இருந்து, பின்னாளில் சேர் பட்டமும் பெற்றார். மாதம் தவறாமல் சம்பளம் கிடைக்கும் ஓர் அலுவலர், நாள் கூலிக்காரனுக்கு விளையாட்டில் ஒரு சதமும் கிடைக்கக் கூடாது என்று கால் நூற்றாண்டு காவல் நின்றதில் இருக்கும் முரண் அவருக்குத் தெரிந்திருக்குமோ என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1895 ஓகஸ்டில், ஹடர்ஸ்பீல்ட் நகரின் ஜோர்ஜ் ஹோட்டலில் வடபகுதிக் கழகங்கள் கூடித் தனி ஒன்றியம் அமைத்துப் பிரிந்தன. இன்று றக்பி லீக் என்று தனியாக ஆடப்படுவது அதன் வழிவந்ததே. பிரிந்து போனவர்களோடு உழைக்கும் வர்க்கத்தின் குரலும் பெருமளவில் போய்விட்டதால், எஞ்சிய அமைப்பின் மேசையைச் சுற்றி அடுத்த நூறு ஆண்டுகள் அமர்ந்தவர்கள் சட்டத்தரணிகளும் மருத்துவர்களும் தலைமை ஆசிரியர்களும் படை அதிகாரிகளுமாகவே இருந்தார்கள். வேல்ஸின் சுரங்கப் பள்ளத்தாக்குகளில் மட்டும் கதை சற்றே வேறு.

சர்வதேச அமைப்பின் பிறப்பே நீதிமன்ற வாடை வீசுவது. 1884இல் இங்கிலாந்துக்கும் ஸ்கொட்லாந்துக்கும் நடந்த போட்டியில் ஒரு ட்ரை (பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் நிலத்தில் ஊன்றுவது) செல்லுமா செல்லாதா என்று எழுந்த தகராறு முற்றி, 1886இல் ஸ்கொட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகிய மூன்றும் சேர்ந்து, இன்றைய உலக றக்பி அமைப்பின் மூலமான சர்வதேசச் சபையை அமைத்தன. இங்கிலாந்து சேர மறுத்தது. 1890இல் இணக்கம் ஏற்படுத்தியவர்கள் ஒரு ஸ்கொட்டிஷ் நீதிபதியும், உதைபந்தாட்டச் சங்கத்தின் தலைவராக இருந்த மேஜர் மரிண்டினும். அவர்கள் இங்கிலாந்துக்கு ஆறு ஆசனங்களும் மற்ற மூன்றுக்கும் தலா இரண்டும் என்று தீர்த்தார்கள். வெளியே நின்று முறுக்கியவருக்கே பாதி மேசை! அந்த ஆறு 1911இல் நான்காகவும், 1948இல் இரண்டாகவும் குறைந்தது; அதே 1948இல்தான் தென்னாபிரிக்கா, நியூசிலாந்து, அவுஸ்திரேலியா ஆகியவற்றுக்குத் தலா ஓர் ஆசனம் கிடைத்தது. பிரான்ஸ் 1978 வரை காத்திருந்தது.

தனிமனிதர்களில் நீண்ட காலம் ஆண்டவர் தென்னாபிரிக்காவின் டேனி கிரேவன். அரைப்பின்கள வீரராகப் புகழ்பெற்று, மூன்று முனைவர் பட்டங்கள் பெற்று, ஸ்டெலன்பொஷ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அவர், 1956 முதல் 1993இல் இறக்கும்வரை தம் நாட்டு றக்பியின் தலைமைப் பதவியில் இருந்தார். நிறவெறி ஆட்சிக்காலத்தின் பெரும்பகுதியை அந்த நாற்காலியில் கழித்தவர், 1988இல் ஹராரேக்குப் போய், அப்போது தடைசெய்யப்பட்டிருந்த ஆபிரிக்கத் தேசிய காங்கிரசுடன் பேச்சு நடத்தினார். அவருடைய கல்வி அவரை நிறவெறியிலிருந்து காப்பாற்றவில்லை. ஆனால் கதவு அடைபடப்போகிறது என்பதை மற்றவர்களுக்கு முன்னே கணிக்க உதவியது என்றே நான் நினைக்கிறேன். பதவிக்கு வருபவரின் படிப்பைப் பார்த்து மயங்குபவர்கள் கிரேவனை முழுமையாகப் படிக்க வேண்டும்.

உலகக் கிண்ணம் பிறந்த கதையிலும் பின்னணிகள் பேசுகின்றன. பிரித்தானிய ஒன்றியங்கள் அஞ்சியது, உலகக் கிண்ணம் வந்தால் பணம் வரும், பணம் வந்தால் சம்பளம் வரும் என்பதற்கே. அந்த அச்சம் பொய்யாகவும் இல்லை. திட்டத்தை முன்னின்று வகுத்தவர்களில் ஒருவர் அவுஸ்திரேலியாவின் நிக்கலஸ் ஷெஹாடி. லெபனான் வம்சாவளியினர், தேசிய அணியின் முன்கள வீரர், பின்னர் சிட்னி மாநகர முதல்வர். பழைய கனவான் வட்டத்துக்கு வெளியிலிருந்து வந்தவர் என்று சொல்லலாம். 1985இல் பாரிசில் நடந்த வாக்கெடுப்பில் பத்துக்கு ஆறு என்று திட்டம் நிறைவேறியது. நிறவெறியின் காரணமாகத் தன்னால் ஆட முடியாமற்போகும் என்று அறிந்தே தென்னாபிரிக்கா ஆதரித்து வாக்களித்தது. இங்கிலாந்தின் இரு பிரதிநிதிகளும் ஒரே பக்கம் நிற்கவில்லை. ஆதரித்தவரான ஜோன் கெண்டல்-கார்பென்டர், பள்ளித் தலைமை ஆசிரியர்.

பத்து ஆண்டுகளில் அச்சப்பட்டது நடந்தேறியது. 1995 ஓகஸ்டில், மீண்டும் பாரிசில், விளையாட்டு இனிக் கட்டுப்பாடின்றித் தொழில்முறையாக ஆடப்படலாம் என்று அறிவித்தவர் வேல்ஸ் சட்டத்தரணி வேர்னன் பியூ. தென்னாபிரிக்கா விளையாட்டுலகில் புறக்கணிக்கப்பட்டிருந்த 1989இல், அந்நாட்டு றக்பியின் நூற்றாண்டு விழாப் போட்டிகளில் வேல்ஸ் வீரர்கள் பங்குபற்றியது குறித்து விசாரித்து அறிக்கை எழுதியதால் பெயர் பெற்றவர் அவர். நூறு ஆண்டுப் பாசாங்கை முடித்துவைக்க, சாட்சியங்களை எடைபோட்டுப் பழகிய ஒரு வழக்கறிஞர் தேவைப்பட்டிருக்கிறார். அது பொருத்தமாகவே படுகிறது.

சர்வதேச அமைப்பின் தலைமைக்கு அவருக்குப் பின் வந்தவர்கள்: அயர்லாந்தின் சிட் மில்லர், முன்வரிசை வீரர், 1974இல் தோல்வியே காணாத, பிரித்தானிய, அயர்லாந்து வீரர்களின் கூட்டணியான லயன்ஸ் அணியின் பயிற்சியாளர், பிரான்சின் பெர்னார் லபசே, சுங்கத் திணைக்கள அதிகாரி, இங்கிலாந்தின் பில் போமண்ட், லங்காஷயரில் துணி ஆலை நடத்திய குடும்பத்தின் பிள்ளை. இவர்களுள் போமண்டின் கதையே என் கருத்துக்கு மிக நெருங்கியது. 1980இல் இங்கிலாந்து அணியையும் லயன்ஸ் அணியையும் தலைமை தாங்கிய அவர், காயத்தால் 1982இல் ஓய்வுபெற்றுத் தன்வரலாறு எழுதினார். அந்த நூலின் வருமானத்தைத் தாமே வைத்துக்கொண்டதால் அவர் தொழில்முறை ஆட்டக்காரர் என்று வகைப்படுத்தப்பட்டு, றக்பியின் எந்தப் பொறுப்பையும் ஏற்க முடியாதவராகச் சில ஆண்டுகள் ஒதுக்கி வைக்கப்பட்டார். குடும்ப ஆலையிலிருந்து வந்த பணம் குற்றமாகவில்லை. எழுதிச் சம்பாதித்த பணம் குற்றமாயிற்று. பிற்காலத்தில் 2016 முதல் 2024 வரை உலக அமைப்பின் தலைவராக இருந்தவர் இதே மனிதர்தான்.

2020 தேர்தலில் போமண்டை எதிர்த்தவர் ஆர்ஜென்டீன அணியின் முன்னாள் தலைவர் அகுஸ்தின் பிச்சோட். சிறிய நாடுகளுக்கு இடம் வேண்டும் என்று வாதாடிய அவர் 28க்கு 23 என்று தோற்றார். ஆறு நாடுகள் போட்டியில் ஆடும் ஒன்றியங்களுக்குத் தலா மூன்று வாக்குகள் வீதம், 51இல் 18 அங்கேயே இருந்தன. ஆசியா முழுவதற்கும் பிராந்திய அமைப்பின் வழியாகக் கிடைத்தவை இரண்டு. ஆகவே வேறு வருமானம் என்ற முதல் வடிகட்டியைத் தாண்டி வந்தவருக்கு, எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்ற இரண்டாவது வடிகட்டியும் காத்திருக்கிறது. அதே தேர்தலில் நிறைவேற்றுக் குழுவுக்கு முன்மொழியப்பட்ட பிஜி றக்பித் தலைவர் பிரான்சிஸ் கீன், முன்னாள் கடற்படைத் தளபதி, அப்போதைய பிரதமரின் மைத்துனர், 2007இல் மரணம் விளைவித்த குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர். தன்பாலீர்ப்பினருக்கு எதிரான பேச்சு குறித்த குற்றச்சாட்டுகள் வெளியானதும் வேட்புமனுவை மீளப்பெற்றார். துணைத் தலைவராகத் தெரிவான பிரான்சின் பெர்னார் லபோர்த், முன்னாள் பயிற்சியாளரும் அமைச்சருமானவர், 2022 டிசம்பரில் பாரிஸ் நீதிமன்றத்தில் ஊழல் வழக்கில் குற்றவாளியாகக் காணப்பட்டு, மேன்முறையீடு செய்துகொண்டே உலக அமைப்பின் பதவியிலிருந்து தாமாக ஒதுங்கி நின்றார்.

அரசியல்வாதிகள் இந்த நாற்காலிகளை விரும்புவது புதிதன்று. சமோவாவில் பிரதமராக இருந்தவரே றக்பி ஒன்றியத்தின் தலைவராகவும் இருந்தார். ஜப்பானின் முன்னாள் பிரதமர் யொஷிரோ மொரி 2005 முதல் பத்து ஆண்டுகள் அந்நாட்டு றக்பி ஒன்றியத்துக்குத் தலைமை தாங்கினார். பெண்கள் அதிகம் பேசுவதால் கூட்டங்கள் நீள்கின்றன என்று 2021இல் கூறி, டோக்கியோ ஒலிம்பிக் குழுவின் தலைமையை இழந்தபோது, அவர் எடுத்துக்காட்டிய கூட்டம் றக்பி ஒன்றியத்தினுடையதே. உலக அமைப்பு 2017இல் சபையை 32 பேரிலிருந்து 49 பேராக்கி, புதிய 17 இடங்களையும் பெண்களுக்கே ஒதுக்கியது. நூற்று முப்பது ஆண்டுகள் தாமதம் என்றாலும் துணிந்து செய்த மாற்றம் அது. நியூசிலாந்தின் பெண்கள் அணித் தலைவராக இருந்த ஃபாரா பாமர், பல்கலைக்கழக ஆசிரியர், 2016இல் அந்நாட்டு றக்பிச் சபையின் முதல் பெண் உறுப்பினரானார். அதே சபைக்கு 2025இல் தலைவரான டேவிட் கேர்க், 1987இல் முதல் உலகக் கிண்ணத்தை ஏந்தியவர். அவரும் மருத்துவம் படித்தவரே. மருத்துவர்களின் வரிசை முடிவதாக இல்லை.

இலங்கைக்கு வருவோம். 1908இல் அமைந்த ஒன்றியம் எங்களுடையது. 1950இல் பிரித்தானிய லயன்ஸ் அணி கொழும்பில் இறங்கி ஆடிவிட்டுப் போயிருக்கிறது. ஆனால் இந்த விளையாட்டு றோயல், திரித்துவம் போன்ற சில கல்லூரிகளின் வழியாகவும் முப்படை, பொலிஸ் அணிகளின் வழியாகவுமே வளர்ந்ததால், நிர்வாகத்துக்கு வந்தவர்களும் அந்தக் கல்லூரிகளின் பழைய மாணவர்கள், வர்த்தகர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள் என்ற வட்டத்துக்குள்ளேயே பெரும்பாலும் அமைந்தார்கள். மேலே அமைச்சர் இருக்கிறார்: 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் அவருக்கு விரிந்த அதிகாரங்களை வழங்குகிறது. தேசிய அணிக்கு ஆடிய நாமல் ராஜபக்ச 2020இல் விளையாட்டுத்துறை அமைச்சரானார். 2023இல் பின்வந்த அமைச்சர் ஒருவர் இலங்கை றக்பியின் நிர்வாகத்தை நீக்கிவிட்டுத் தாம் நியமித்த குழுவை அமர்த்தியபோது, அரசாங்கத் தலையீடு என்று கூறி உலக றக்பி இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. பின்னர் அந்த இடைநிறுத்தம் நீக்கப்பட்டது.

வடபகுதிக் கழகங்கள் 1893இல் ஆட்டக்காரருக்குக் கேட்ட கூலி ஈட்டை, இன்று நிர்வாகிகளுக்குக் கேட்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. ஆட்டக்காரருக்கு இப்போது சம்பளம் உண்டு. உலக அமைப்பின் தலைமை நிறைவேற்று அதிகாரிக்கு, விளம்பரத் துறையிலிருந்து வந்து முன்பு அப்பதவியில் இருந்த பிரெட் கொஸ்பர் போன்றோருக்கு, நல்ல சம்பளமே உண்டு. மாவட்ட மட்டத்தில் கூட்டத்துக்கு வரும் செயலாளருக்கு மட்டும் பேருந்துக் கட்டணமும் இல்லை. இதை எங்கள் பகுதிக் கூட்டமொன்றில் நான் சொன்னபோது எழுந்த மறுப்பு நியாயமானது: இலங்கையில் அந்தப் பணத்தை யார் கொடுப்பது? அமைச்சு கொடுத்தால் அமைச்சின் ஆட்கள் ஆவோம், 2023இல் நடந்தது எல்லா மட்டத்திலும் நடக்கும். அனுசரணை நிறுவனம் கொடுத்தால் அதன் ஆட்கள் ஆவோம். கழகங்களின் ஆண்டுச் சந்தாவில் ஒரு பங்கை இதற்கென்றே ஒதுக்குவதும், கூட்டங்களைக் கடலுக்குப் போகாத வெள்ளிக்கிழமைக்கு மாற்றுவதும் என்று இரண்டு யோசனைகளை எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டாவதற்குச் செலவே இல்லை என்றபோதும், அதைத்தான் அதிகம் பேர் எதிர்த்தார்கள்.