விட்ஸுக்கு வாங்கிய யாரிஸ் பம்ப்

எங்கள் 2007 டொயோட்டா விட்ஸ் காரின் எஞ்சினைக் குளிர்விக்கும் வோட்டர் பம்ப் ஒழுகத் தொடங்கியது. லண்டனில் இருக்கும் மச்சான் அடுத்த மாதம் யாழ்ப்பாணம் வருவதாக இருந்ததால், புதிதாக ஒன்று வாங்கிவரச் சொன்னேன். காரை ஓடாமல் நிறுத்திவைத்தேன்.

விட்ஸ் என்றால் அங்கே கடைக்காரருக்குப் புரியவில்லையாம். ஜப்பானில் 1999 முதல் விட்ஸ் என்று விற்ற காருக்கு ஐரோப்பாவில் யாரிஸ் என்று பெயர். ஆஸ்திரேலியாவில் முதல் தலைமுறைக்கு எக்கோ. சரி, யாரிஸ் 2007 என்று கேள் என்றேன். அங்கேதான் பிழை நேர்ந்தது. மச்சான் கொண்டுவந்த பம்பைக் கராஜில் வேலை செய்யும் தம்பி ஒரு தடவை திருப்பிப் பார்த்தான். "அண்ணை, இது 1.3இன்ர. உங்கட மூண்டு சிலிண்டர் எல்லோ?"

என் கார் 996 சிசி, அதாவது 1.0 லீட்டர். அந்த ஆண்டு லண்டன் யாரிஸில் 1.0, 1.3, டீசல் என்று வகைகள் இருந்தன. நான் சொன்னதோ பெயரும் ஆண்டும் மட்டும்.

இரண்டாவது முறை, எஞ்சின் அறையில் இருக்கும் தகட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். அதில் கேஎஸ்பி90 என்று இருந்தது. முதல் எழுத்து எஞ்சின் வகையைச் சொல்கிறது: கே என்றால் கேஆர் எஞ்சின். 1.3 விட்ஸ் எஸ்சிபி90, அது எஸ்இசட் எஞ்சின். கடையில் 17 இலக்கச் சேஸி நம்பர் கேட்டார்கள். ஜப்பான் உள்நாட்டு வண்டிக்கு அப்படி ஒன்று கிடையாது. கேஎஸ்பி90, ஒரு கோடு, பிறகு ஏழு இலக்கம், அவ்வளவுதான். அவர்களுடைய கணினி அதை ஏற்கவேயில்லை. கடைசியில் 1கேஆர்-எஃப்இ என்ற எஞ்சின் பெயரும் கழற்றிய பம்பின் படமும்தான் உதவின. அதே எஞ்சின் டொயோட்டா அய்கோவிலும் சிட்ரோயன் சி1இலும் பூஜோ 107இலும் இருக்கிறதாம்; பிரெஞ்சுக் காருக்குள் நம் விட்ஸின் எஞ்சின்!

தம்பிக்கு இதெல்லாம் பழக்கம். ஹோண்டா ஃபிட் என்றால் வெளிநாட்டில் ஜாஸ், நிசான் மார்ச் என்றால் மைக்ரா என்று அடுக்கினான். மிட்சுபிஷி பஜெரோவின் பெயர் ஸ்பானிய மொழியில் கெட்ட வார்த்தை, அதனால்தான் அந்த மொழி பேசும் நாடுகளில் மொன்டெரோ என்று விற்றார்கள். இங்கிலாந்தில் அதுவே ஷோகன்.

இரண்டாவது பம்பை ஊருக்கு வந்த இன்னொரு உறவினர் கொண்டுவந்தார். பழையதுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், போல்ட் ஓட்டைகள் அச்சாக ஒத்திருந்தன. அரை நாளில் வேலை முடிந்தது.

முதல் பம்ப் இன்னும் பெட்டி பிரிக்காத மாதிரியே அலுமாரியில் கிடக்கிறது. எஸ்சிபி90 வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், வாங்கிய விலைக்கே தருகிறேன்.