சேற்றில் குழாய் இறக்குகிறவர்களுக்கு

அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில் 1947 முதல் 1977 வரை இரண்டு மின்தேக்கி ஆலைகளிலிருந்து பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள் கலந்து அடிச்சேற்றில் படிந்தது. 2009இல் தூர்வாரத் தொடங்கியபோது பல இடங்களில் நஞ்சு கணித்ததைவிட ஆழத்தில் கிடந்தது. வாரிய இடத்தையே திரும்ப வாரினார்கள். அடியில் புதைந்திருந்த பழைய மரக்கழிவுதான் வில்லன். அடிச்சேற்றைச் சோதனைக்கு எடுக்க இறக்கும் மாதிரிக் குழாய் கட்டையில் முட்டி நின்றால் அதற்குக் கீழே சுத்தம் என்று அர்த்தமில்லையே! 2010இல் நிறுத்தி, மறு ஆய்வு செய்து, 2011-2015இல் முடித்தார்கள்.

குழாயை 100 செ.மீ. இறக்கினால் 70 செ.மீ. சேறுதான் மேலே வரலாம். சேறு அமுங்கியிருக்கும், அல்லது வாயில் அடைத்துக்கொண்டு புதுச்சேறு உள்ளே ஏறியிருக்காது. இறங்கிய ஆழம், கிடைத்த நீளம் இரண்டையும் படகிலேயே எழுதிவிடுங்கள். குழாய்ச் சுவரை ஒட்டிய சேற்றைச் சீவி எறியுங்கள். மேலடுக்கின் அழுக்கு அதில்தான் கீழே இழுபட்டு வரும். பிசிபி பார்க்க எஃகுக் கரண்டி, கண்ணாடிப் புட்டி. உலோகம் பார்க்க பிளாஸ்டிக். இதை மாற்றிச் செய்தால் ஆய்வகச் செலவு வீண்.

சேற்றிலுள்ள கரிமக் கார்பனையும் (மக்கிய செடி, உயிரினக் கழிவில் இருக்கும் கார்பன்) அளக்கச் சொல்லுங்கள். பிசிபியைப் பிடித்து வைப்பது அதுதான். ஒரே அளவு பிசிபி இருந்தாலும், 5% கார்பன் உள்ள சேற்றைவிட 0.5% உள்ள சேற்றில் ஏறக்குறைய பத்து மடங்கு நீருக்குள் கரைந்து வரும். புழுவுக்கும் மீனுக்கும் போவது அதுதான். பிசிபியை இறுகப் பிடிக்கும் செயலூட்டிய கரித்தூளைச் சேற்றில் கலந்து கட்டுப்படுத்துவதும் இதே கணக்கில்தான்.

நஞ்சுச் சேற்றை வாராமல் மணல் போட்டு மூடுவது மலிவு. ஆனால் வெள்ளம் அரிக்கும் இடத்திலும், அடியிலிருந்து ஊற்று மேலேறும் இடத்திலும் வெறும் மணல் போதாது.