வெள்ளை பெல்ட் கட்டுவதற்கு முன்

ஜூன் 3, செவ்வாய்

வயது 41 ஆகிவிட்டது. தற்காப்புக் கலை ஒன்றைக் கற்றுக்கொள்ளும் ஆசையை இனியும் தள்ளிப்போட மனமில்லை. இரவு முழுக்க எதில் சேரலாம் என்று படித்துக்கொண்டிருந்தேன். கராத்தேயும் டேக்வாண்டோவும் பெரும்பாலும் அடி, உதை. ஜூடோவில் பிடித்துத் தூக்கிப் போடுவார்கள், தரையில் அமுக்குவார்கள். அதன் வழி வந்த பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவில் முக்கால்வாசி நேரம் தரையிலேயே போகிறது. ஐகிடோவில் பெரும்பாலான பிரிவுகளில் போட்டியே கிடையாது.

எது பெரிது என்ற சண்டைக்குள் நான் போகப்போவதில்லை. வேலை முடிந்து போய்வரக்கூடிய தூரத்தில், பெரியவர்களுக்கென்று தனி வகுப்பு எங்கே நடக்கிறது? அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். தூரமாக இருந்தால் எவ்வளவு நல்ல மாஸ்டர் என்றாலும் மழைக்காலத்தில் கால் நின்றுவிடும்.

ஜூன் 6, வெள்ளி

சில இடங்களுக்குப் போன் போட்டேன். ஓரிடத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு இல்லை, "பிள்ளைகளோட கடைசி வரிசையில நில்லுங்க சார், பழகிடும்" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் என் எடையில் ஒருவர் எதிரே இல்லாமல் ஜோடிப் பயிற்சி எப்படிச் செய்வது?

இன்னோரிடத்தில் வகுப்பைப் பார்க்கும் முன்பே நீண்ட காலத்துக்கு மொத்தக் கட்டணம் கேட்டார்கள். கட்டினால் குறிப்பிட்ட காலத்தில் பிளாக் பெல்ட் நிச்சயமாம். அந்த வார்த்தையிலேயே எனக்கு ஆசை விட்டுப்போயிற்று. ஜியு-ஜிட்சுவில் பிளாக் பெல்ட் வாங்க 10 ஆண்டு ஆவது சாதாரணம். அதன் சர்வதேசக் கூட்டமைப்பின் விதிப்படி பெரியவர்கள் வெள்ளைக்கு அடுத்த நீல பெல்ட்டில் மட்டுமே பொதுவாகக் குறைந்தது 2 ஆண்டு இருக்க வேண்டும். நான் எப்படிக் கற்பேன் என்று இன்னும் எனக்கே தெரியாது. என்னைப் பார்க்காமலேயே ஒருவர் தேதி குறித்துத் தருகிறார்.

ஜூன் 10, செவ்வாய்

இன்று ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். மாஸ்டரின் அசைவு அவ்வளவு அழகு. மணிக்கட்டைத் தொட்டதும் எதிரே இருப்பவர் சுழன்று விழுகிறார். ஆனால் கவனித்துப் பார்த்தால், விழுபவர் தானாகவே விழுகிறார். ஒருவர்கூடக் கையை இழுத்துக்கொள்ளவில்லை, காலை ஊன்றவில்லை. ஸ்பாரிங், அதாவது ஒருவரோடு ஒருவர் நிஜமாக மோதிப் பழகுவது, எப்போது என்று கேட்டேன். "எங்க டெக்னிக் ரொம்ப ஆபத்து, ஸ்பாரிங்ல போட முடியாது" என்றார்.

இந்தச் சிக்கலுக்கு நூறு வருஷம் முன்பே ஒருவர் வழி கண்டுவிட்டார். 1882-இல் ஜூடோவின் முதல் பள்ளியான கோடோகானைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, ஆபத்தான நுட்பங்களைக் கட்டாவில், அதாவது முன்பே வகுத்த அசைவுகளின் பயிற்சியில், மட்டும் வைத்துக்கொண்டார். மற்றவற்றை, எதிராளி முழுமூச்சாக எதிர்க்கும்போதே போட்டுப் பழகும்படி ராண்டோரி என்ற மோதல் பயிற்சியை வளர்த்தார். எதிர்ப்பே இல்லாமல் கற்றது எதிர்ப்பு வரும்போது கைகொடுக்குமா என்பது என் சந்தேகம். அமைதிக்காகவும் உடல் அசைவுக்காகவும் அங்கே போகிறவர்களுக்கு அது நல்ல இடம்தான். நான் தேடுவது வேறு.

ஜூன் 14, சனி

இன்று அதற்கு நேர் எதிர். வந்து சில வாரமே ஆன பையன் ஒருவனை மூத்தவர் ஒருவர் தலையிலேயே குத்திக்கொண்டிருந்தார். பையன் கண் கலங்கி நின்றான். மாஸ்டர் "இதெல்லாம் சகஜம்" என்று சிரித்தார். தலைக்கவசம் வெட்டுக்காயத்தைத் தடுக்கும், மூளை அதிர்வை முழுக்கத் தடுக்காது. பாதியில் எழுந்து வந்துவிட்டேன். அந்தப் பையன் இன்னும் மனதை உறுத்துகிறான்.

ஜூன் 17, செவ்வாய்

ஜூடோ வகுப்பு. பார்க்கப் போன என்னை மாஸ்டர் மேட் என்ற மெத்தை விரிப்பிலேயே ஏற்றிவிட்டார். அதற்கு முன் முழங்கால், முதுகு, கழுத்து எல்லாவற்றையும் பற்றி விசாரித்தார். விரல் நகங்களைப் பார்த்தார். அப்புறம் வகுப்பு நேரம் முழுக்க விழுவதற்கு மட்டும்தான் பயிற்சி. குந்தியபடி பின்னால் சாய்ந்து, முகவாயை நெஞ்சோடு ஒட்டி, கண்ணை பெல்ட் முடிச்சில் வைத்து, இரு கைகளாலும் மேட்டை அறைய வேண்டும். முகவாய் கொஞ்சம் தூக்கினாலும் நிறுத்திவிடுகிறார். பின்மண்டை தரையில் மோதுவதுதான் இதில் புதியவர்களுக்குப் பெரிய ஆபத்து.

அந்தப் பக்கம் ராண்டோரி நடந்தது. பிளாக்குக்கு முந்தைய படியான பிரவுன் பெல்ட்காரர் ஒருவர், தொடக்கப் படியான வெள்ளை பெல்ட் பெண்ணோடு போட்டார். அவள் காலரைப் பிடித்துத் தள்ள, இவர் நிஜமாகவே எதிர்த்து நின்றார், விட்டுக்கொடுக்கவில்லை. அப்புறம் திடீரென இடுப்பைத் திருப்பி அவளைத் தூக்கிப் போட்டார். ஆனால் அவள் மேட்டைத் தொடும் வரை சட்டைக்கையை விடவே இல்லை. கடைசி நொடியில் அதை மேல்நோக்கி இழுத்துப் பிடித்தார். அவள் உடம்பு திரும்பிப் பக்கவாட்டில் விழுந்தது, தலை தரையைத் தொடவில்லை. இத்தனை நாளும் நான் தேடியது இந்தப் பிடியைத்தான்.

ஜூன் 20, வெள்ளி

மாஸ்டரிடம் கேட்பதைவிட மாணவர்களிடம் கேட்பது நல்லது என்று, வகுப்பு முடிந்ததும் பேச்சுக் கொடுத்தேன். அன்றைக்குப் பார்த்த அந்தப் பெண் சொன்னாள்: "யாரோட போட வேண்டாம்னு தோணுதோ, இன்னிக்கு வேண்டாம்னு சொல்லிடலாம்ணா. யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க." இன்னொருவர் தோள் விலகி மாதக்கணக்கில் வராமல் இருந்தவராம். திரும்பி வந்தபோது அவரை ராண்டோரியில் விடாமல் கொஞ்ச காலம் விழும் பயிற்சியோடு நிறுத்திவைத்தார்களாம். அடிபடாத கலை என்று ஒன்று கிடையாது. அடிபட்டவரை அந்த இடம் எப்படி நடத்துகிறது என்று கேட்டால் நிறையத் தெரிந்துவிடுகிறது.

நேரம் முடிந்ததும் மூத்தவர்களே துணி எடுத்து மேட்டைத் துடைத்தார்கள். படர்தாமரை மேட்டிலும் உடையிலும் ஒட்டிப் பரவக்கூடியது. அதனால் இதையும் பார்த்துவைத்துக்கொண்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

சேர்ந்துவிட்டேன். கட்டணம் மாதாமாதம், எந்த மாதமும் நிறுத்திக்கொள்ளலாம். யூனிஃபார்ம் உடனே வாங்க வேண்டாம், ஒரு மாதம் இங்கிருக்கும் பழைய உடையைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார் மாஸ்டர்.

கழுத்தின் முன்பக்கம் வலிக்கிறது. முகவாயை அடக்கிப் பிடித்த வலி. தூக்கிப் போடுவது எப்போது வரும் என்று கேட்டதற்கு, "நீங்க யோசிக்காம விழற அன்னிக்கு" என்றார். எனக்குச் சம்மதம். வியாழக்கிழமை வகுப்புக்கு முன் முழங்கால் பட்டை ஒன்று வாங்க வேண்டும்.