ஃபார்மேட் கமிட்டைத் தனியாகப் போடுங்கள்

பெல்லந்தூர் ஆபீஸில் இந்த வாரம் கோடை ஒரே சீராக அடுக்கித் தரும் பிரெட்டியர் என்ற கருவியைப் பதிப்பு 2-இலிருந்து 3-க்கு ஏற்றினோம். 2023-இல் வந்த 3.0-இல் டிஃபால்ட் ஒன்று மாறிவிட்டது. ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்புகள் பல வரிகளாக உடைந்தால், கடைசி வரியின் முடிவிலும் கமா விழும். சின்ன விஷயம்தான். ஆனால் பெரிய புராஜெக்டில் ஒரு தடவை ஓட்டினால் ஏகப்பட்ட கோப்புகள் மாறும்.

எனக்கு அந்தக் கமா ரொம்பப் பிடிக்கும். நாளைக்கு யாராவது கீழே இன்னொரு வரி சேர்த்தால், எது மாறியது என்று காட்டும் டிஃப்பில் அந்த ஒரு வரி மட்டுமே தெரியும். மேல் வரியைத் தொட வேண்டியதில்லை. ரிவ்யூ செய்கிறவர் கண்ணுக்கு அது எவ்வளவு நிம்மதி!

"அண்ணா, என் பக் ஃபிக்ஸோடயே ஃபார்மேட்டும் பண்ணிடவா?" என்று டீமில் இருக்கும் மதுரைத் தம்பி கேட்டான். வேண்டாம்ப்பா என்றேன். ஃபார்மேட் மாற்றம் தனி கமிட்டாகத்தான், அதாவது கோடின் வரலாற்றில் தனிப் பதிவாகத்தான் போக வேண்டும். அப்புறம் அந்தக் கமிட்டின் ஹாஷை (அதன் அடையாள எண்ணை) ஒரு கோப்பில் எழுதி வைத்து, எந்த வரியை யார் கடைசியாக மாற்றினார்கள் என்று காட்டும் பிளேம் பார்க்கும்போது இதைத் தாண்டிப் போ என்று, கோடின் வரலாற்றைச் சேமிக்கும் கிட்டிடம் சொல்லிவிடலாம். 2019-இல் வந்த கிட் 2.23-இலிருந்தே இந்த வசதி இருக்கிறது. இல்லையென்றால் மாறிய வரி எதைப் பார்த்தாலும் ஃபார்மேட் ஓட்டியவர் பெயர்தான் வரும். அந்த வரியை ஏன் அப்படி எழுதினார்கள் என்று அப்புறம் யாரிடம் போய்க் கேட்பது?

பாதியில் நிற்கும் பிராஞ்சுகளை (தனியாகப் பிரித்து வைத்த வேலைகளை) முதலில் மெர்ஜ் செய்துவிட்டு ஃபார்மேட்டை ஓட்டுங்கள். கோடைத் தானாகச் சோதிக்கும் சிஐ-யிலும் எல்லோர் லேப்டாப்பிலும் ஒரே பிரெட்டியர் பதிப்பு இருக்கும்படி பதிப்பு எண்ணைப் பூட்டிவிடுங்கள்.