கணக்கு முடியட்டும் என்று சொன்னேன்

"கேஸை இப்பவே வேற கோர்ட்டுக்கு மாத்திடலாமா, இல்ல கணக்கு முடியற வரைக்கும் பொறுக்கணுமா?" 2018-ல் எங்கள் கட்சிக்காரரான ஒரு மகள் போனில் கேட்ட கேள்வி இது. "கணக்கு முடியட்டும்" என்றேன். வக்கீலைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்க வேண்டும். நான் வக்கீலுக்கு உதவியாக வேலை பார்க்கும் பாராலீகல், கலிபோர்னியாவில் சட்ட ஆலோசனை சொல்ல எனக்கு அதிகாரமில்லை.

மறதி நோய் முற்றிய அம்மாவுக்கு அவர்தான் கன்சர்வேட்டர், அதாவது அம்மாவையும் அம்மா பணத்தையும் பார்த்துக்கொள்ள கோர்ட் நியமித்தவர். பணமெல்லாம் கோர்ட் கண்காணிப்பில். அம்மாவைத் தன் ஊருக்கே அழைத்துக்கொண்டுவிட்டார். கேஸ் கட்டு மட்டும் பழைய கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி), ஆறு மணி நேரக் கார்ப் பயணத்தில் இருந்தது.

அம்மாவின் பணத்துக்கான முதல் வருடக் கணக்கைக் கோர்ட்டில் தாக்கல் செய்திருந்தோம். ஒரிஜினல் பேங்க் ஸ்டேட்மென்டுகள் கோர்ட் வசம். தீர்ப்பு இறுதியானால்தான் கைக்கு வரும். தொடக்க இருப்பும் வரவும் ஒரு பக்கம், செலவும் கடைசி இருப்பும் மறுபக்கம், சென்ட் பிசகாமல் நிற்க வேண்டும். பாதியில் கட்டு போனால் புதிய இடத்தில் முதல் வரியிலிருந்து தோண்டுவார்கள். ஒரு கோர்ட் ஒப்புக்கொண்ட இருப்போடு போவதுதான் பத்திரம். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் கணக்கு முடிந்தபிறகுதான் மாற்ற வேண்டும் என்று இதற்கான சட்டமான புரோபேட் கோடில் இல்லை. மாற்றுவது அந்த அம்மாவுக்கு நல்லதா என்பதே அங்கே கேள்வி. நான் கணக்குக்கு எது நல்லது என்று பார்த்தேன்.

கணக்கு விசாரணைக்கு வந்த அன்று, ஒரு அக்கவுண்டின் கடைசி ஸ்டேட்மென்ட் இல்லை என்று வாய்தா போட்டார்கள். விட்டுவர ஆளில்லாமல் மகள் அம்மாவையும் அழைத்து வந்திருந்தார். வராந்தா பெஞ்சில் அந்த அம்மா பார்க்கிங் சீட்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். மகள் என்னிடம், "நீங்க சொன்னீங்கன்னுதான் காத்திருக்கேன்" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்கும்.

வக்கீலும் இதையேதான் சொல்லியிருப்பார் என்று பலமுறை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவரிடம் கேட்டதில்லை.

அப்புறம் கணக்கு ஏற்கப்பட்டது, மாற்றல் உத்தரவும் வந்தது. கட்டு போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க, இரண்டு மாதத்துக்குள் பழைய கோர்ட் ஒரு விசாரணை வைக்கும். அதற்கு முன்பே ரசீது வந்துவிட்டது. புதிய கோர்ட் இருப்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் சொன்னபடியேதான் நடந்தது.

வாய்தா போட்ட அன்றைய விசாரணைக்குப் போனிலேயே ஆஜராக அனுமதி கேட்டிருக்கலாம். அது எனக்குத் தெரியும். அந்த மகளிடம் சொல்லவில்லை.