ரோட்ஸ் தீவில் ஒரு பீங்கான் தட்டு

ரோட்ஸ் பழைய நகரின் சந்து ஒன்றில், பூ வரைந்த பீங்கான் தட்டைக் கையில் எடுத்ததும், ஐ.நா.வுக்காகச் சமரசம் பேசிய அமெரிக்கர் ரால்ஃப் பன்ச் நினைவுக்கு வந்தார். அவருக்காகத்தான் இந்தக் கிரேக்கத் தீவுக்கே வந்தேன்.

மாண்ட்ராகி துறைமுகத்தைத் தாண்டிக் கடலோரமாக வடக்கே நடந்தால் 'ரோஜாக்களின் ஹோட்டல்' வருகிறது. இத்தாலியர் ஆண்ட காலத்து மாளிகை; இன்று கேசினோ. 1949 ஜனவரியில் இஸ்ரேல், எகிப்துக் குழுக்களை பன்ச் பேசவைத்தது இங்கேதான். நான்கு மாதத்துக்கு முன்புதான் ஐ.நா. சமரசத் தூதர் பெர்னடாட்டை ஜெருசலேமில் சுட்டுக் கொன்றிருந்தார்கள். அன்று பன்ச்சும் அவருடன் காரில் இருந்திருக்க வேண்டும். வழியில் தாமதமானதால் உயிர் தப்பினார். பெர்னடாட்டின் பொறுப்பு அவர் தோளில் ஏறியது.

வாசலில் வெகுநேரம் நின்றேன். வந்தவர்கள் நேற்றுவரை போர் புரிந்தவர்கள். எடுத்த எடுப்பில் எல்லையைப் பற்றிப் பேசியிருந்தால் மூட்டை கட்டியிருப்பார்கள். பன்ச் முதலில் நிகழ்ச்சி நிரலுக்கு மட்டும் சம்மதம் வாங்கினார். சேர்ந்து உட்காரவும் கையெழுத்துப் போடவும் பழகட்டும் என்று கணக்கிட்டார். எவ்வளவு பொறுமை வேண்டும் இதற்கு!

அங்கேதான் தட்டுகள் வருகின்றன. உள்ளூர்க் குயவர்களிடம் பேச்சுவார்த்தையின் நினைவாகத் தட்டுகள் செய்யச் சொல்லியிருந்தார். பேச்சு முட்டி நின்றபோது அவற்றைக் காட்டினார்: உடன்பாடு வந்தால் ஆளுக்கொன்று வீட்டுக்கு, வராவிட்டால் உங்கள் தலையிலேயே உடைப்பேன் என்றாராம். பிப்ரவரி 24 அன்று இஸ்ரேல், எகிப்து இடையே போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தானது. லெபனான், ஜோர்டான், சிரியா உடன்படிக்கைகளும் ஜூலைக்குள் முடிந்தன. 1950இல் நோபல் அமைதிப் பரிசு. கறுப்பினத்தவர் ஒருவர் நோபல் பெற்றது அதுவே முதல் முறை.

டெட்ராய்ட்டில் முடிதிருத்துபவரின் மகனாகப் பிறந்தவர் அவர். சிறுவயதில் தாயை இழந்த அவரை, அடிமையாகப் பிறந்த பாட்டிதான் லாஸ் ஏஞ்சலிஸில் வளர்த்தார். ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்று, ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தி, அமெரிக்க வெளியுறவுத் துறை வழியாக ஐ.நா.வுக்கு வந்தார்.

ரோட்ஸில் வென்ற அதே ஆண்டு, வெளியுறவுத் துறையில் உதவிச் செயலாளர் பதவி தருவதாக அதிபர் ட்ரூமன் அழைத்தார். பன்ச் மறுத்துவிட்டார். வாஷிங்டனில் கறுப்பர்களுக்குத் தனிப் பள்ளிகள் இருந்த காலம். மறுபடி அந்த ஊரில் குடும்பத்தோடு வாழ அவருக்கு மனமில்லை. கடைக்காரர் தட்டைக் காகிதத்தில் சுற்றித் தரும்வரை எனக்கு இதே நினைப்புதான்.