அறுபது யூரோ வரிசை

2015 ஜூலையில், கடன் நெருக்கடியில் சிக்கிய கிரீஸின் ஏடிஎம் வாசல்களில் நின்ற வரிசை இன்னும் நினைவிருக்கிறது. வங்கிகளுக்குப் பூட்டு, ஒரு நாளைக்கு 60 யூரோதான். யூரோவுக்கு முன்பிருந்த சொந்த நாணயமான டிராக்மா கையில் இருந்திருந்தால் அதன் மதிப்பைக் குறைத்தாவது சமாளித்திருக்கலாம். யூரோவுக்குள் அந்த வழி கிடையாது. சம்பளத்திலும் பென்ஷனிலும்தான் கை வைக்க வேண்டும்.

ஜூலை 5 வாக்கெடுப்பில் 61 சதவீதம் பேர் கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகள் வேண்டாம் என்றார்கள். அப்புறம்? எட்டே நாளில், விடிய விடிய நடந்த பேச்சுக்குப் பிறகு, பிரதமர் சிப்ராஸ் அதைவிடக் கடுமையான நிபந்தனைகளுக்குத் தலையாட்டினார்.

கடன் கொடுத்தவர்களில் ஒன்றான ஜெர்மனி கறாராக நின்றது புரிகிறது, அவர்கள் வரிப்பணம். சரி. ஆனால் 1953 லண்டன் ஒப்பந்தத்தில் மேற்கு ஜெர்மனியின் கடனில் ஏறக்குறைய பாதியைத் தள்ளுபடி செய்யக் கையெழுத்திட்ட நாடுகளில் கிரீசும் ஒன்று.